கட்டியிருப்பேன் என்று சொல்ல வேண்டும்

ஜொரே, த்யு ஒரே, இல் ஒரே. பிரெஞ்சில் நான், நீ, அவன் மூன்றும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கின்றன, எழுதும்போதுதான் வால் மாறுகிறது, நல்லவேளை இன்றைக்கு எழுதச் சொல்ல மாட்டார்கள், பேசத்தான் சொல்வார்கள் என்று தையல்நாயகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நிழல் பக்கமாக நகர்ந்தாள். மடியில் மகள் நேத்ரா ஒரு கன்னத்தை அவள் தொடையில் அழுத்தி, முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு, தூங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் கிடந்தாள். தெருவுக்கு எதிர்ப்புறம் பிரெஞ்சுக்காரர்களின் ஆபீஸ். மஞ்சள் சுவர், கனத்த இரும்புக் கேட், கேட்டுக்குள் ஒரு காவலாள். புதுச்சேரியில் இந்தத் தெருவுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. காவலாள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், கூப்பிட்டதும் செல்போனை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே ஓர் அம்மாள் கேள்வி கேட்பாள். காரைக்காலில் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்து, பிள்ளையும் பெற்றாயிற்று, ஆனாலும் புருஷன் தனவேலு பிரெஞ்சுக் குடிமகன் என்பதால், இது மெய்யான கல்யாணம்தான், குடியுரிமைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை என்று அந்த அம்மாளுக்கும் தோன்ற வேண்டும். தோன்றினால் கல்யாணம் அவர்கள் பதிவேட்டில் ஏறும். ஏறினால்தான் இவளும் நேத்ராவும் பாரிசுக்குப் பக்கத்தில் அவன் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர முடியும். தோன்றாவிட்டால் அவன் அங்கே, இவர்கள் இங்கே, வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அவனையும் இன்றைக்கே அங்கே நகராட்சியில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். நு ஸொரியோன், வு ஸொரியே, இல் ஸொரே. எல்லாம் வந்துவிட்டது. நேத்ராவின் வாயிலிருந்து முந்தானையை மெல்ல இழுத்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

இதைக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், தையல்நாயகியைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே தலையில் குட்டாத குறையாக அதட்டுவாள். அவளுடைய சித்தி ஒருத்தி இதே கேட்டுக்குள் போய் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு இப்போது பிரான்சில் துலூஸ் ஊரில் இருக்கிறாளாம், அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்பாள். அவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார், பல் தேய்க்கும் பிரஷ் என்ன நிறம், மாமியார் பேர் என்ன, முதலில் எங்கே பார்த்துக்கொண்டீர்கள், இதற்கெல்லாம் தமிழில் சொன்னால் போதும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். கடைசியில் ஒன்று கேட்பார்கள். அதை மட்டும் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே கேட்பார்கள். அவர் பிரெஞ்சுக்காரராக இல்லாமல் இருந்திருந்தால் நீ அவரைக் கட்டியிருப்பாயா. "அவரு மொழிபெயர்க்கிற வரைக்கும் காத்திருந்தீங்கன்னா, யோசிக்கிறீங்கன்னு நெனச்சுப்பாங்கக்கா. கேட்டு வாய மூடுறதுக்குள்ள அடிச்சுடணும். வி மதாம், ஜ லொரே எபூஸே." ஆமாம் அம்மா, கட்டியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பாடு. வாக்கியத்தை மட்டும் உருப்போட்டால் கிளி சொல்வது மாதிரி இருக்குமாம், ஆகவே இலக்கணத்தில் அந்தக் காலத்தையே முழுசாகப் படிக்க வேண்டியதாயிற்று. நடக்காமல் போனதற்கென்றே ஒரு காலத்தைத் தனியாக வைத்திருக்கிறார்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவளுக்குப் பிரெஞ்சில் தண்ணீர் கேட்கத் தெரியாது, கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்கத் தெரியாது, ஆனால் தண்ணீர் குடித்திருப்பேன், குடித்திருப்பாய், குடித்திருப்பாள் என்று நிற்காமல் சொல்ல வரும். நேத்ரா வா, தா, மாட்டேன் என்றுதான் பேசத் தொடங்கினாள், உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கும். இவள் மட்டும் வாசல் இருக்கக் கூரையைப் பிரித்துக்கொண்டு அந்தப் பாஷைக்குள் இறங்கியிருக்கிறாள். மாவாட்டும்போது மான்ஜே, துணி அலசும்போது லவே, கடைக்கு நடக்கும்போது அஷ்தே. தின்றிருப்பேன், துவைத்திருப்பேன், வாங்கியிருப்பேன். கேட்பதற்குத் தெமாந்தே. போவது, வருவது, பிறப்பது, விழுவது, சாவது இவற்றுக்கெல்லாம் அந்த 'ஒரே' கிடையாது, 'ஸெரே' போட வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, அது அப்படித்தான்க்கா என்றாள் ஜெசிந்தா. தையல்நாயகிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாவதையும் பிறப்பதையும் கொண்டுபோய்ச் சோறு தின்பதோடும் துணி துவைப்பதோடும் ஒரே வரிசையில் நிற்க வைப்பது சரியில்லை.

ஒரு வேப்பம்பழம் பெஞ்சில் விழுந்து உருண்டது. நேத்ரா கண்ணை மட்டும் திருப்பி அதைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் காரைக்காலே இந்தக் காலத்தில்தான் பேசுகிறது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது, யாரெல்லாம் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறீர்களோ அவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்று அறுபத்திரண்டில் ஆறு மாசம் தவணை கொடுத்தார்கள். தனவேலுவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, போய்ப் போட்டார். தையல்நாயகியின் அம்மாவைப் பெற்றவர் அப்போது நெடுங்காட்டில் நடவில் இருந்தார், காலில் சேற்றோடு போய்க் கையெழுத்துப் போட என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார். போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள், போடாதவர்களின் பேரப்பிள்ளைகள் காரைக்காலில் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சாவு வீட்டில், எங்கே இரண்டு பேர் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு அங்கே வந்துவிடும். அன்னைக்கு மட்டும் போட்டிருந்தா இன்னைக்கு இந்நேரம் எங்கயோ இருந்திருப்போம். தையல்நாயகிக்கு அந்தப் பேச்சில் எப்போதும் ருசி கிடையாது. இருந்திருப்போம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் மட்டும் அப்படியே இருப்பதாகவும் ஊர் மட்டும் மாறியிருப்பதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தால் அம்மா வேறு யாரையோ கட்டியிருப்பாள், இவள் பிறந்தே இருக்க மாட்டாள், பிறகு யார் போய் பாரிசில் நிற்பது. அடுப்பில் பால் வைத்துக்கொண்டு யோசிக்கிற விஷயம் இல்லை இது. பால் பொங்கிவிடும். அவள் பிழைப்புக்கு வா, தா, மாட்டேன் போதுமாக இருந்தது, ஜெசிந்தா வந்து அந்தக் காலத்தை வாயில் திணிக்கும்வரை. வி மதாம், ஜ லொரே எபூஸே. நன்றாக வருகிறது. கடைசி எழுத்தை இழுக்காமல் நிறுத்த வேண்டும். ஜ லொரே. எபூஸே. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் எதுவோ தடுக்குகிறது, நாக்கில் இல்லை, நாக்குக்குக் கொஞ்சம் கீழே.

ஏனென்றால் கட்டியிருக்க மாட்டாள். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. தரகர் வந்து, பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு என்று சொன்ன மாத்திரத்தில் அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார், பையனுக்கு என்ன வயசு என்றுகூடக் கேட்கவில்லை. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. முன்மண்டையில் முடி கழன்று நெற்றி உச்சிவரைக்கும் ஏறியிருந்தது. பேச ஆரம்பித்தால் திக்கும், அவன் பேரிலேயே முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பான். பெண் பார்க்க வந்தபோது உன் பேர் என்ன என்று கேட்பதற்குள் அவன் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது, அவள் அத்தை இரக்கப்பட்டு, தையல்நாயகிங்க என்று அவன் கேட்காமலேயே சொல்லிவிட்டாள். நேஷனாலிட்டி என்ற அந்த ஒரு வார்த்தை அவன் தலைக்கு முடியாயிற்று, வயதைக் குறைத்தது, நாக்கையும் நேராக்கியது. அவன் வருவதற்கு ஒரு மாசம் முன்னால்தான் திருமருகலிலிருந்து ஒரு லைன்மேன் வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மீசை வைத்த ஆள். காதல் கீதல் ஒன்றும் இல்லை, இரண்டு வார்த்தை பேசியதுகூட இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்குவது மாதிரி அவள் மனசில் ஒரு படம் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் அந்த ஆணியில் ஹெல்மெட் இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். தனவேலு பிரெஞ்சுக்காரனாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாள். புயல் வந்தால் அவன் கம்பத்தில் ஏறியிருப்பான், இவள் வாசலில் நின்றிருப்பாள். போன மாசம் டிரான்ஸ்பார்மர் வெடித்ததற்கு அதே லைன்மேன்தான் அவர்கள் தெருவுக்கு வந்தான், தொப்பை போட்டிருந்தான், நேத்ராவைப் பார்த்து, பாப்பா தள்ளிப் போம்மா என்றான், இவளை அடையாளம் தெரியவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கேள்வி அது இல்லையே. கேள்வி, கட்டியிருப்பாயா. பச்சையாகச் சொன்னால், இல்லை. நோன். இரண்டு வார்த்தைகூட வேண்டாம். இதற்கு வினைச்சொல்லே தேவையில்லை, ஜெசிந்தாவும் தேவையில்லை.

கேட் திறந்தது. காவலாள் யாரோ சேவியர் என்று கூப்பிட்டான். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பையன் ஓடினான். வெயில் செருப்பு நுனியைத் தொட்டுவிட்டது. தொடை மரத்துப்போயிருந்தது, நேத்ராவின் தலை அவ்வளவு கனம், அப்பன் தலை. கல்யாணமான புதிதில் தனவேலு கடைக்குப் போனால் கேட்டதை வாங்கி வர மாட்டான். அரிவாள்மணை வாங்கப் போய் அரிக்கேன் விளக்கு வாங்கி வந்தான், குடம் வாங்கப் போய்க் குடையோடு வந்தான். ஞாபக மறதி போலிருக்கிறது என்று மாமியார் சொன்னாள். ஒரு நாள் கூடப் போனபோதுதான் தையல்நாயகிக்குத் தெரிந்தது. அவன் முதல் எழுத்தில் நிற்கும்போதே கடைக்காரர் அவசரப்பட்டு மீதியைத் தானே சொல்லி எடுத்து நீட்டிவிடுவார், இவன் அது இல்லை என்று சொல்ல மறுபடி ஒரு வார்த்தையைத் தொடங்க வேண்டுமே என்று, சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். உலகமே அவன் வாக்கியங்களைத் தான் முடித்து வைப்பதற்குத் துடிக்கிறது, அவனும் பிறர் முடித்துவைத்ததை எல்லாம் தன்னுடையதாக வாங்கிக்கொண்டு போகிறான். அன்றைக்குக் கடையிலேயே அவள் கடைக்காரரைப் பார்த்து, கொஞ்சம் இருங்கண்ணே, அவரு சொல்லிக்கிட்டிருக்காரு என்றாள். எரிச்சலோடு சொல்லவில்லை, அரிசி வெந்துகொண்டிருக்கிறது இருங்கள் என்பது மாதிரிதான் சொன்னாள். அவன் சொல்லி முடித்தான். துடைப்பம். வீடு வரும்வரை அவன் துடைப்பத்தை மாலைபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். அன்றிலிருந்து அவள் அவன் பேசும்போது இடையில் வார்த்தை எடுத்துக் கொடுத்ததே இல்லை. என்ன சொல்ல வருகிறான் என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பாள். அவன் திக்கும் நேரத்தில் அவள் கீரை ஆய்வாள், பிள்ளைக்குச் சோறு பிசைவாள், வார்த்தை வரும்போது நிமிர்ந்து பார்ப்பாள். இதற்கெல்லாம் ஒரு பேர் இருக்கிறதா என்று அவள் யோசித்ததில்லை. வேடிக்கை என்னவென்றால் பிரெஞ்சில் அவனுக்குத் திக்குவதில்லை. போனில் பாடம் கேட்கும்போது வு ஸொரியே, இல் ஸொரே என்று தண்ணீர் கொட்டுவது மாதிரி வருகிறது, யாரோ வேற்று ஆள் என்று தோன்றும், கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் வேலை செய்கிறான். அங்கே இருப்பவர்களுக்கு இவன் திக்குவான் என்பதே தெரியாதாம்.

நேற்றுச் சாயங்காலம்தான் தப்பு நடந்தது. அவனுக்கு அது மத்தியான இடைவேளை. எல்லாக் கேள்வியையும் அவன் பிரெஞ்சில் கேட்டான், அவள் தமிழில் சொன்னாள், கடைசிக் கேள்விக்கு மட்டும் பிரெஞ்சில் சொன்னாள், வி மதாம், ஜ லொரே எபூஸே. த்ரே பியான், ரொம்ப நல்லது, என்றான். பின்னால் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தமிழில், நாயகி, நெ, நெ, என்று தொடங்கினான். த எழுத்து வராது என்பதால் அவளை நாயகி என்றுதான் கூப்பிடுவான், அந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள். நெ, நெச, நெசமா, என்றான். மீதி என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை அங்கிருந்து புறப்பட்டு வந்துகொண்டே இருந்தது, கடற்கரையில் நிற்கும்போது தூரத்திலேயே தெரிகிற அலை மாதிரி, வரத்தான் போகிறது, காலை நனைக்கத்தான் போகிறது. அவள், என்னங்க, சரியா கேக்கல, சிக்னல் போவுது, என்று சொல்லி அணைத்துவிட்டாள். சிக்னல் முழுசாக இருந்தது. அடுப்பில்கூட ஒன்றும் இல்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த நேத்ராவின் கவுனை எடுத்து உதறி இன்னொரு தடவை மடித்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. கடைக்காரர்கூட ஏதோ ஒன்றைக் கொடுத்தாவது அனுப்புவார். இவள் கடையையே சாத்திவிட்டாள்.

அதிலிருந்து இந்த நிமிஷம்வரை அது விழுங்கிய கொட்டை மாதிரி உள்ளே கிடக்கிறது. பயம் என்று எடுத்தால் பயம் வேறு. இன்றைக்கு அங்கே அவனிடமும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள். நீ பிரெஞ்சுக்காரனாக இல்லாமல் இருந்தால் அவள் உன்னைக் கட்டியிருப்பாளா. பிரெஞ்சில் கேட்பார்கள், அவன் பிரெஞ்சில் சொல்வான், பிரெஞ்சில் அவனுக்கு வார்த்தை நிற்காது, மனசில் இருப்பது யோசிப்பதற்குள் வெளியே வந்து விழுந்துவிடும். நேற்று அணைந்த போன் அவன் மனசில் இருக்கும். தெரியவில்லை என்பான். இவள் இங்கே ஜ லொரே எபூஸே என்று பளிச்சென்று சொல்லியிருப்பாள். ஒருத்தி கட்டியிருப்பேன் என்கிறாள், ஒருத்தன் தெரியாது என்கிறான், எழுதிக்கொள்ளுங்கள், இது மெய்யான கல்யாணம் இல்லை. அப்படி ஒரு பொய்க்காக இது பொய் ஆகிவிடுமா. நேத்ரா பொய்யா. ஆய் கழுவிவிட்டது, பிள்ளைக்கு அம்மை போட்டபோது அவன் லீவு போட்டு ஓடிவந்து தரையில் படுத்தது, இதெல்லாம் எந்தக் காலத்தில் வருகிறது, இதற்கு ஒரேயா ஸெரேயா. ஜெசிந்தா இதெல்லாம் நடத்தவில்லை. நடந்ததைச் சொல்லும் காலம் அடுத்த புத்தகத்தில் இருக்கிறது, முதலில் பரீட்சை முடியட்டும்க்கா என்றுவிட்டாள். ஒரு கடலை வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. நேத்ரா தலையைத் தூக்கி, கல்ல, என்றாள். தையல்நாயகி கடலை வாங்கவில்லை. செல்போனை எடுத்தாள். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், அவன் காலை ஷிப்டுக்குள் போயிருப்பான், காய் நறுக்கும் மிஷின் ஓடும். பரவாயில்லை.

எடுத்துவிட்டான். மிஷின் ஓடியது, அப்புறம் நின்றது, அவனே நிறுத்தியிருப்பான்.

"என்னங்க," என்றாள், "நேத்து சிக்னல் இருந்துச்சு."

"தெ, தெரியும்," என்றான்.

"இப்ப கேளுங்க. முழுசா கேளுங்க."

அவன் கேட்டான். நெசமா என்பது உடனே வந்துவிட்டது, கட்டியிருப்பியா என்பதற்குத்தான் நேரம் எடுத்தது. க என்பதில் ஏறி, ஏறி, வழுக்கி, மறுபடி அடியிலிருந்து ஏறினான். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. நேத்ரா செல்போனில் இருந்து வரும் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டு காதை அவள் கையில் உரசினாள். தையல்நாயகி வேப்பம்பழத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். கேள்வி முழுசாக வந்து சேர்ந்தது.

"இல்லங்க," என்றாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறானோ என்று ஒரு கணம் திக்கென்றது. அழவில்லை, சிரித்தான், சத்தமே இல்லாத அவன் சிரிப்பு, மூக்கால் வரும். அப்புறம் அவன் சொன்னதில்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் ஒரு வீடு கட்டலாம், ஆனால் அவள் ஒரு செங்கல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. "நா, நான் கேட்டிருக்கவே மாட்டேனே, நாயகி. அந்த நேஷ, நேஷனாலிட்டி இல்லன்னா, எந்தப் பொ, பொண்ணு வீட்டு வாசல்லயும் நான் வந்து நின்னிருக்க மாட்டேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் அவனை உள்ளே விட்டிருப்போமா மாட்டோமா என்று கதவுக்குப் பின்னாலிருந்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஆள் தெருவுக்கே வந்திருக்க மாட்டானாம். கூடவே கண்ணும் கரித்தது, வெயில்தான். அப்போது கேட் திறந்தது, பிரெஞ்சில் எழுதிய பட்டியலைப் பார்த்து, தயல்நயகி என்று ஏதோ ஒன்றைக் கூப்பிட்டான் காவலாள். "கூப்புடுறாங்க," என்றாள் போனில். "உள்ள நான் என்ன சொல்லட்டும்?" அவன் நீ, நீ, என்று தொடங்கினான். காவலாள் இரண்டாம் தடவை கூப்பிட்டான், இந்தத் தடவை கையையும் ஆட்டினான். அவள் எழுந்து நேத்ராவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இருங்கண்ணே என்று சைகை காட்டி, தெருவின் இந்தப் பக்கமே நின்றாள். காவலாள் முகம் சுளித்தான். சுளிக்கட்டும். "நீ சொல்றதயே நானும் சொ, சொல்றேன்," என்றான் தனவேலு. "எனக்குச் சாயந்தரம்தான் விசாரணை. வெளிய வந்து சொல்லு."

உள்ளே குளிராக இருந்தது. நேத்ராவுக்கு அந்த அம்மாள் ஒரு காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தாள், அவள் காகிதத்தை விட்டுவிட்டுப் பென்சிலைச் சப்பினாள். மொழிபெயர்ப்பாளர் புதுச்சேரிக்காரர், நரைத்த தலை, சட்டைப் பையில் கண்ணாடி, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அதை எடுத்து மாட்டிக்கொண்டு பதிலுக்குக் கழற்றினார். சுவர்ப் பக்கம் படுப்பார். பிரஷ் பச்சை, ஆனா அங்க என்ன நிறம்னு தெரியாதுங்க. மாமியார் பேர் செங்கமலம். எல்லாம் சொன்னாள். அம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள், கெட்ட முகம் இல்லை, அலுத்த முகம். பிறகு பேனாவை நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பாமல், நேராக இவளைப் பார்த்தாள். லொரியே வு எபூஸே, ஸில் நவே பா எத்தே பிரான்ஸே. அச்சு அசலாக ஜெசிந்தா சொன்ன அதே கடைசிக் கேள்வி. வீட்டுப் பக்கத்து ஆளைப் பஸ்ஸில் பார்த்தது போல இருந்தது தையல்நாயகிக்கு. வி மதாம் என்பது நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது, வாரக்கணக்கில் பழகிய வாக்கியம், தள்ளினால் போதும். அவள் தள்ளவில்லை. கேட்டு வாயை மூடுவதற்குள் அடித்துவிடவும் இல்லை. நேத்ராவின் வாயிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நோன், மதாம்," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றாமல் நிமிர்ந்தார். அம்மாள் ஏதோ ஒரே வார்த்தை கேட்டாள், அது பாடத்தில் இல்லை. ஏன்னு கேக்குறாங்கம்மா என்றார் அவர், மெதுவாக, நன்றாக யோசித்துச் சொல்லம்மா என்கிற மாதிரி.

"அவரு கேட்டிருக்கவே மாட்டாருங்க," என்றாள். "அது இல்லன்னா எந்தப் பொண்ணயும் கேக்க அவருக்குத் துணிச்சல் வந்திருக்காது. அவரே சொன்னாரு, இப்பதான். கேக்காதவர நான் எப்படிங்க கட்டியிருப்பேன்?"

அவர் உதட்டை மடக்கிக்கொண்டு ஒரு கணம் சுவரைப் பார்த்தார். அப்புறம் அம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னார், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. இல் ந மொரே ஜமே தெமாந்தே. தையல்நாயகி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல் என்றால் அவன். ஒரே, சரி. ஜமே என்றால் ஒருக்காலும், ஜெசிந்தா அடிக்கடி சொல்வது. தெமாந்தே, கேட்பது. அவன் ஒருக்காலும் கேட்டிருக்க மாட்டான். பிரெஞ்சில் ஒரு முழு வாக்கியம், மனப்பாடம் செய்யாதது, ஓர் எழுத்து விடாமல் அவளுக்குப் புரிவது இதுதான் முதல் தடவை. அவர் சரியாகத்தான் சொல்கிறார் என்று அம்மாளைப் பார்த்துத் தலையாட்டினாள்.